பாதி ஒத்த தொடர்கள்

ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு ஆங்கில மரபுத்தொடர்களைச் சொல்லித்தரும் கைப்புத்தகங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. இடப்பக்கம் ஆங்கிலத் தொடர், நடுவில் அதன் பொருள், வலப்பக்கம் ஸ்பானிஷில் அதற்கு நிகரான தொடர். ஆங்கிலத்தில் மழை பூனையும் நாயுமாகக் கொட்டும். ஸ்பானிஷில், நம்மைப் போலவே, குடம் குடமாகக் கொட்டும். ஆங்கிலத்தில் செத்துப்போகிறவர் வாளியை உதைப்பார். ஸ்பானிஷில் காலை நீட்டுவார். யானை விலை குதிரை விலை விற்கும் பொருளுக்கு ஆங்கிலக்காரர் ஒரு கையையும் ஒரு காலையும் கொடுப்பார். ஸ்பானிஷ்காரர் முகத்திலிருக்கும் கண்களில் ஒன்றைக் கொடுப்பார். நடக்கவே நடக்காத காரியம் ஒரு மொழியில் பன்றி பறக்கும்போது நடக்கும், மற்றதில் தவளைக்கு முடி முளைக்கும்போது நடக்கும். படிக்க வேடிக்கையான பட்டியல்தான். வகுப்பில் சிரிப்பும் வரும். ஆனால் இதையே தொழிலாகக் கொண்ட எனக்குக் கட்சி வேறு. இந்த மாதிரித் தொடர்களுக்குத்தான் பாடநேரம் மிகக் குறைவாகத் தேவை. ஆசிரியரின் உழைப்பு போகவேண்டிய இடம், பார்வைக்கு ஸ்பானிஷ் தொடர் போலவே இருந்து, ஒரு சொல்லிலோ, ஒரு வேற்றுமை உருபிலோ, பொருளின் ஓரத்திலோ நழுவிப்போகும் தொடர்கள்தான். பட்டியல் போடுகிறவர்கள் அவற்றை 'கிட்டத்தட்ட ஒன்றே' என்று எழுதித் தாண்டிவிடுகிறார்கள்.

இதற்கு ஆதாரம் புதிதாகத் தேடவேண்டியதில்லை. 1986-இல் சூசன் இருஹோ என்ற ஆய்வாளர் 'டீஸால் குவார்ட்டர்லி' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வெனிசுவேலாவைச் சேர்ந்த, ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட, ஆங்கிலத்தில் நன்கு தேறிய மாணவர்களிடம் 45 ஆங்கிலத் தொடர்களைக் கொடுத்துச் சோதித்தார். அவற்றில் 15 ஸ்பானிஷுடன் அச்சு அசலாக ஒத்தவை. 15 ஏறத்தாழ ஒத்தவை. 15 முற்றிலும் வேறானவை. அச்சு அசலாக ஒத்தவற்றை மாணவர்கள் எளிதில் புரிந்துகொண்டார்கள், பிழையில்லாமல் சொல்லவும் செய்தார்கள். முற்றிலும் வேறானவை புரிந்துகொள்ளவும் சிரமம், சொல்லவும் சிரமம். ஆனாலும் அவற்றில் ஸ்பானிஷின் குறுக்கீடு குறைவாகவே இருந்தது. ஏறத்தாழ ஒத்தவைதான் விசித்திரம். முதல் வகையைப் போலவே அவையும் நன்றாகப் புரிந்தன. ஆனால் மாணவர் தாமாகச் சொல்ல முயன்றபோது ஸ்பானிஷ் நடுவில் வந்து புகுந்துகொண்டது. சின்னச் சோதனை, பழைய சோதனை என்று ஒதுக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு இந்த வேலையில் இருந்த எந்த ஆசிரியரைக் கேட்டாலும், மாணவர் நோட்டில் திருத்தும் சிவப்பு மை பெரும்பாலும் இந்த நடு வகையில்தான் செலவாகிறது என்பார்.

இருஹோ தம் கட்டுரைக்கு வைத்த தலைப்பே ஒரு பிழையான தொடர்: காலைத் தூக்கி வாயில் வைக்காதே என்ற பொருள் தருவது. பேசக்கூடாததைப் பேசி மாட்டிக்கொள்வதை ஆங்கிலத்தில் பாதத்தை வாயில் வைப்பது என்பார்கள்; பிரிட்டனில் 'புட் யுவர் ஃபுட் இன் இட்' என்றும் சொல்வது உண்டு. ஸ்பானிஷில் அதே அசட்டுத்தனத்துக்கு 'மெத்தேர் லா பாத்தா' என்று பெயர். காலை உள்ளே விடுவது. 'பாத்தா' என்பது ஆடுமாடுகளின் கால், மேசை நாற்காலியின் கால். மனிதனின் பாதத்துக்கு அங்கே வேறு சொல். காலை எங்கோ விட்டுவிட்டு விழிப்பது என்ற காட்சி இரண்டு மொழியிலும் ஒன்றாக இருப்பதால், ஆங்கிலத் தொடரைக் கேட்ட ஸ்பானிஷ்காரருக்கு நொடியில் விளங்கிவிடுகிறது. விளங்கிவிட்டதால் அவர் அதை உற்றுக் கேட்பதில்லை. பிறகு தாமே சொல்லும்போது பாதத்துக்குப் பதில் முழுக்கால் வந்து நிற்கிறது. வாளியை உதைக்கும் தொடர் அப்படியல்ல. சாவுக்கும் வாளிக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் தடவையே நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது. அப்படி நின்ற நேரத்தில் தொடரின் ஒவ்வொரு சொல்லும் மனதில் ஒட்டிக்கொள்கிறது.

சொல் மாறுவதாவது கண்ணில் படும். இலக்கணம் மாறுவது இன்னும் நுட்பமானது. ஒருவரைக் கிண்டலாக ஏமாற்றுவதற்கு ஆங்கிலத்தில் காலை இழுப்பது, ஸ்பானிஷில் தலைமுடியைப் பிடித்தெடுப்பது: 'தொமார் எல் பேலோ'. பட்டியல் புத்தகம் இரண்டையும் எதிரெதிரே எழுதிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் ஸ்பானிஷில் உடலுறுப்பு வந்தால் 'என்', 'உன்' என்ற உடைமைச் சொல் பெரும்பாலும் வராது. உறுப்பு யாருடையது என்பதை நான்காம் வேற்றுமை போன்ற ஒரு சுட்டுச்சொல் வினையோடு ஒட்டி நின்று சொல்லிவிடும். 'எனக்குத் தலைமுடியை எடுக்கிறாய்' என்பதுபோல. ஆங்கிலமோ ஆறாம் வேற்றுமையை விட்டுக்கொடுக்காது: 'என் காலை இழுக்கிறாய்' என்றுதான் சொல்லியாக வேண்டும். காலும் முடியும் வேறு என்று நன்றாகத் தெரிந்த மாணவர்கூட 'யூ ஆர் புல்லிங் மீ த லெக்' என்று எழுதுகிறார். சொற்களெல்லாம் ஆங்கிலம், எலும்புக்கூடு ஸ்பானிஷ். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த எலும்புக்கூடு அந்நியம் அல்ல. ஸ்பானிஷிலும் தலைவலி 'எனக்கு'த்தான் வலிக்கும். ஆங்கிலத்தை மட்டும் அறிந்த ஆசிரியருக்கு மாணவரின் பிழை வெறும் கவனக்குறைவாகத் தெரியும். அவர் 'மீ' என்பதை அடித்து 'மை' என்று எழுதித் தந்துவிடுவார்; அடுத்த வாரம் வேறொரு உறுப்போடு அதே பிழை திரும்பி வரும்.

இதே இலக்கணப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. தொடர்கள் எல்லாம் ஒரே அளவுக்கு இறுகியவை அல்ல. ஜெஃப்ரி நன்பெர்க், ஐவன் சாக், தாமஸ் வாசோ மூவரும் 1994-இல் 'லாங்குவேஜ்' இதழில் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக்கியது. ரகசியத்தை உடைப்பதற்கு ஆங்கிலத்தில் அவரையைக் கொட்டுவது என்பார்கள். அதில் அவரை என்றால் ரகசியம், கொட்டுவது என்றால் வெளியிடுவது என்று பாகம் பாகமாகப் பிரித்துப் பொருள் சொல்லலாம். அதனால் அதைச் செயப்பாட்டு வினையிலும் வைக்கலாம், அவரை கொட்டப்பட்டுவிட்டது என்று. வாளியை உதைப்பதில் வாளிக்குத் தனியாகப் பொருள் எதுவும் இல்லை. 'வாளி உதைக்கப்பட்டது' என்று சொன்னால் மரணம் மறைந்து, ஒரு வாளியும் ஒரு உதையும்தான் மிஞ்சும். கையும் காலும் விலையாகப் போகும் தொடரில் காலை முன்னால் வைத்துக் கையைப் பின்னால் வைத்தாலே ஆங்கிலக் காது துணுக்குறும். பொருளைப் பக்கத்தில் எழுதி முடித்துவிடும் பட்டியலில் இந்தச் செய்திகளுக்கு இடம் கிடையாது. ஆனால் வாயைத் திறந்து பேசவேண்டிய மாணவருக்குப் பொருளைவிட இதுதான் அதிகம் வேண்டியது.

இனிப் பொருளின் ஓரத்தில் நழுவுகிறவை. என் அனுபவத்தில் ஆபத்து மிகுந்தவை இவைதான். ஸ்பானிஷில் ஒருவர் மேகங்களில் இருக்கிறார் என்றால், கவனம் எங்கோ போய்விட்டது, சொல்வது காதில் விழவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் தலை மேகத்தில் இருந்தால் அதுவே பொருள்; ஆனால் ஆள் முழுசாக ஒன்பதாம் மேகத்தில் ஏறிவிட்டால், 'ஆன் க்ளவுட் நைன்', அவர் ஆனந்தத்தில் மிதக்கிறார். பதவி உயர்வு வந்ததிலிருந்து அவள் ஒன்பதாம் மேகத்தில் இருக்கிறாள் என்று ஆங்கிலச் சகஊழியர் சொன்னால், பதவி வந்ததும் வேலையில் கவனமில்லை என்று குறை சொல்வதாக ஒரு மெக்ஸிகோக்காரர் எடுத்துக்கொள்ள எல்லா நியாயமும் இருக்கிறது. ஸ்பானிஷில் ஈயப் பாதத்தோடு நடக்கிறவர் அடிமேல் அடி வைத்து எச்சரிக்கையாகப் போகிறவர். அமெரிக்க ஆங்கிலத்தில் ஈயப் பாதம் உடையவர் காரின் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி பறக்கிறவர். தம் ஓட்டுநரின் நிதானத்தைப் பாராட்ட நினைத்து அந்தத் தொடரைப் பயன்படுத்தினால் பாராட்டு தலைகீழாகிவிடும்.

வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பது இரண்டு மொழியிலும் உண்டு; அகராதிகள் சமக்குறி போட்டுவிடுகின்றன. ஆனால் ஸ்பானிஷில் அந்தப் பூச்சி பெரும்பாலும் காதலில் பறப்பது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் மேடை ஏறும் முன், பரீட்சைக்கு முன், நேர்முகத் தேர்வுக்கு முன் பறப்பது. நாம் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்போமே, அதற்குப் பக்கத்துவீடு. (நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் பறப்பது ஸ்பானிஷ் ரகம்.) வேலி விஷயமும் இப்படித்தான். காளைப்போர் அரங்கைச் சுற்றி மரத்தடுப்பு ஒன்று இருக்கும். அதற்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு காளையைப் பார்ப்பது என்று ஸ்பானிஷில் சொன்னால், ஆபத்தில்லாத இடத்தில் இருந்துகொண்டு பிறர் பாட்டை வேடிக்கை பார்ப்பது. ஆங்கிலத்தில் வேலிமேல் உட்காருவது அந்தப்பக்கமா இந்தப்பக்கமா என்று முடிவெடுக்காமல் இருப்பது. ஒன்று கோழைத்தனத்தைக் குத்துகிறது, மற்றது தயக்கத்தை. அலுவலகக் கடிதத்தில் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் குற்றச்சாட்டே மாறிவிடும். இறைச்சி முழுவதையும் அடுப்பில் போடுவது என்று ஸ்பானிஷில் சொல்வதை, முட்டையெல்லாம் ஒரே கூடையில் என்ற ஆங்கிலத் தொடரோடு இணைக்கிறவர்களும் உண்டு. முன்னது கையிலிருப்பதையெல்லாம் போட்டு முழுமூச்சாக இறங்குவதைப் பாராட்டுவது. பின்னது அந்த அவசரத்தைக் கண்டிப்பது. பூனைகளையும் விட்டுவிட முடியாது. ஸ்பானிஷில் எங்கோ பூனை அடைபட்டிருக்கிறது என்றால் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்ற சந்தேகம். ஆங்கிலத்தில் பையிலிருந்து பூனையை வெளியே விட்டால் ரகசியம் உடைந்தது. சேர்த்துப் படித்தால் ஒரே கதையின் முற்பகுதியும் பிற்பகுதியும் போலத் தோன்றும். ஆனால் சந்தேகத்துக்கு ஆங்கிலம் கூப்பிடுவது பூனையை அல்ல, எலியை.

தொனி நழுவுவதையும் இதோடு சேர்க்கவேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சுக்குரியவர் வந்து நின்றால் நாம் 'நூறு வயசு' என்று வாழ்த்துகிறோம். ஸ்பானிஷில் ரோமாபுரி ராஜாவைப் பற்றிப் பேசினோம், இதோ வாசலில் தலைகாட்டுகிறார் என்பார்கள். ஆங்கிலத்தில் வருகிறவர் சாத்தான். நண்பர்களுக்குள் அதில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் ராஜா என்று அழைத்துப் பழகியவர், பொருள் ஒன்றுதானே என்ற நம்பிக்கையில், அறைக்குள் நுழையும் மேலதிகாரியைச் சாத்தான் என்று வரவேற்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்கவேண்டும் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அச்சு அசலாக ஒத்தவற்றைப் பற்றி ஒரு மறுப்பு வரும்: அவற்றுக்குப் பாடமே வேண்டாமா? கொஞ்சம் வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. எரிக் கெல்லர்மன் 1970-களில் டச்சு மாணவர்களிடம் செய்த ஆய்வுகளில் ஒரு வேடிக்கை தெரிந்தது. தம் மொழியில் இருக்கும் மரபுத்தொடர் ஆங்கிலத்திலும் அப்படியே இருக்கும்போதுகூட, இது எங்கள் ஊர்ப் பேச்சாயிற்றே, ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று மாணவர்கள் அதை நம்ப மறுத்தார்கள். ஸ்பானிஷ்காரர்களிடமும் இந்தச் சந்தேகம் உண்டு. ஸ்பெயினில் தங்கள் தொடர்களைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிச் சிரிப்பது ஒரு தனி நகைச்சுவை மரபாகவே இருக்கிறது, அந்தச் சிரிப்புக்கு அஞ்சி நல்ல தொடரைக்கூட விழுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை விளக்கம் அல்ல, தைரியம். அதற்கு வரலாறு கைகொடுக்கும். கைகழுவுவது பைபிளில் பிலாத்து செய்தது. சிங்கத்தின் பங்கு ஈசாப் கதை. பனியை உடைப்பதும் பண்டோராவின் பெட்டியும் எராஸ்மஸின் 'அடேஜியா' வழியாக ஐரோப்பா முழுவதும் பரவியவை. அந்தத் தொகுப்பின் முதல் பதிப்பு 1500-இல் பாரிஸில் வந்தது. பிற்காலப் பதிப்புகளில் தொடர்கள் 4,000-ஐத் தாண்டின. பண்டோராவிடம் கிரேக்கத்தில் இருந்தது ஜாடி. எராஸ்மஸ்தான் அதைப் பெட்டி ஆக்கினார். ஆங்கிலமும் ஸ்பானிஷும் ஒரே தவறை ஒரே ஆளிடமிருந்து வாங்கிக்கொண்டன.

கடன் ஒருவழிப்பாதையும் அல்ல. உயர்குடியை நீல ரத்தம் என்பது ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. வெளுத்த தோலின் கீழ் நரம்பு நீலமாகத் தெரிவதைக் காட்டித் தங்கள் வம்சத்தைப் பீற்றிக்கொண்ட காஸ்தீல் குடும்பங்களின் சொத்து அது. உள்ளிருந்தே காட்டிக்கொடுக்கிறவர்களை ஐந்தாம் படை என்பது 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் மாட்ரிட்டை முன்னிட்டுப் பிறந்தது. தமிழுக்கும் வந்து 'ஐந்தாம் படை' என்றே நிலைத்துவிட்டது. காளைப்போரில் கடைசி வாள்வீச்சுக்குரிய வேளையைக் குறித்த உண்மையின் கணம் என்பதை ஹெமிங்வே தம் 1932-ஆம் ஆண்டுப் புத்தகமான 'டெத் இன் தி ஆஃப்டர்நூன்' வழியாக ஆங்கிலத்தில் பரப்பினார். காற்றாலைகளோடு மோதுவது தொன் கிஹோத்தே தந்தது. இது உங்கள் வீட்டுச் சரக்கு, கூசாமல் பயன்படுத்துங்கள் என்று ஒருமுறை சொன்னால் போதும். ஒத்தவற்றிலும் ஒரு சின்னக் கண்ணி மட்டும் உண்டு. பன்றிகள் முன் முத்தை எறிவது ஸ்பானிஷில் 'மர்கரீத்தா'வை எறிவது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு முத்து என்று பொருள். இன்றைய ஸ்பானிஷில் அது டெய்ஸிப் பூ. ஆகவே இன்று அதைச் சொல்கிறவர்களில் பலர் மனதில் பன்றிகள் மிதிப்பது பூக்களைத்தான். அந்தப் பூக்களையே ஆங்கிலத்துக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

முற்றிலும் வேறானவற்றைக் குறைக்கச் சொல்வதற்கு எதிராக மாணவர்களின் விருப்பம் காட்டப்படும். பூனையும் நாயும் கொட்டும் மழையைத்தான் அவர்கள் கேட்கிறார்கள், அது ஆங்கிலம் படிக்கும் ஆசையை வளர்க்கிறது என்பார்கள். ஆசை வளரட்டும். ஆனால் அது எவ்வளவு புழங்குகிறது என்பதையும் கூடவே சொல்லிவிடுவது நேர்மை. ரோசமண்ட் மூன் 1998-இல் வெளியிட்ட நூலுக்காக ஒரு கோடியே எண்பது லட்சம் சொற்கள் கொண்ட ஆங்கிலத் தொகுதி ஒன்றைச் சலித்துப் பார்த்தார். வண்ணமயமான தொடர்கள் பெரும்பாலானவை பத்து லட்சம் சொற்களுக்கு ஒரு தடவைகூடத் தலைகாட்டவில்லை. 1995-இல் வந்த காலின்ஸ் கோபில்டு மரபுத்தொடர் அகராதி, அடிக்கடி வருவதையும் அரிதாக வருவதையும் அடையாளமிட்டுக் காட்டியதே இந்தக் காரணத்தால்தான். மழை கனமாகப் பெய்தால் ஆங்கிலக்காரர்கள் அநேகமாக 'இட்ஸ் போரிங்' (கொட்டுகிறது) என்று ஒற்றை வினையில் முடித்துக்கொள்கிறார்கள். அப்படியானால் பாதி ஒத்தவையும் அரிதானவைதானே என்று திருப்பிக் கேட்கலாம். சில அரிதானவைதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது: வாளியை உதைப்பதை நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால் ஸ்பானிஷ்காரர் வாயில் அது வரப்போவதில்லை. மேகமும் பட்டாம்பூச்சியும் காலை உள்ளே விடுவதும் நாம் சொல்லிக்கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர் வாயில் வரத்தான் போகின்றன, ஏனென்றால் அவை ஏற்கெனவே அவர் தலையில் இருக்கின்றன.

இதே பதில் இன்னொரு பெரிய ஆட்சேபத்துக்கும் பொருந்தும். வியன்னாவின் பார்பரா சைடுல்ஹோஃபர், ஆங்கிலத்தைப் பொதுமொழியாக மட்டும் பயன்படுத்துகிறவர்களிடையே ஒருவர் மட்டும் அறிந்த மரபுத்தொடர் பேச்சைத் தடுக்கிறது என்று காட்டினார். பார்சலோனாவிலிருந்து ஒரு பொறியாளர் சென்னையில் ஒருவரோடும் பிராங்க்பர்ட்டில் ஒருவரோடும் பேசும்போது ஆங்கிலேயர் யாரும் அங்கே இல்லை. வாளியும் பூனையும் அங்கே வெறும் இடைஞ்சல். ஆகவே மரபுத்தொடரையே பாடத்திலிருந்து தூக்கிவிடலாம் என்பது சிலரின் வாதம். முற்றிலும் வேறானவற்றைப் பொறுத்தவரை எனக்கு இதில் பெரிய மறுப்பு இல்லை. கேட்டால் புரியும் அளவு போதும், பேச வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொறியாளர் தம் ஸ்பானிஷ் தொடர்களைத் தமக்கே தெரியாமல் ஆங்கிலத்தில் வைத்துத்தான் பேசுகிறார். ஈயப் பாதத்தோடு போவோம் என்று அவர் சொன்னதைச் சென்னைக்காரர் வேகம் என்று புரிந்துகொண்டால் திட்டத்தின் தேதியே தகராறாகும். தூக்கிவிடுவது என்ற தீர்வு இந்த வகைக்கு உதவாது. எங்கே நழுவுகிறது என்று காட்டினால்தான் தவிர்க்கவாவது முடியும்.

தேர்வுகளைச் சொல்கிறவர்களும் உண்டு. 2001-இல் வெளியான ஐரோப்பிய மொழித்திறன் சட்டகம், மேல்நிலை மாணவர் மரபுத்தொடர்களை இனம்காணவேண்டும், உச்சநிலையில் அவற்றின் நுண்பொருளையும் அறிந்து கையாளவேண்டும் என்கிறது. சரிதான். நுண்பொருள் என்று அது சொல்வதும் இந்த ஓரங்களைத்தான்; மனப்பாடப் பட்டியலால் அது வாய்க்காது. தொடர் பிறந்த கதையைச் சொல்லி நினைவில் நிறுத்தும் முறையையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஃபிராங்க் போயர்ஸும் உடன் ஆய்வாளர்களும் அது பலன் தருவதைக் காட்டியிருக்கிறார்கள், நானும் கயிறுகளைக் கற்றுக்கொள்வது கப்பல்வேலை என்று சொல்லித்தான் தொடங்குவேன். கூரையில் படுத்திருந்த பூனைகளும் நாய்களும் மழையில் வழுக்கி விழுந்தன என்பதுபோன்ற, மின்னஞ்சலில் சுற்றி வந்த கட்டுக்கதைகளுக்கு மட்டும் வகுப்பில் இடம் தரக்கூடாது.

இவற்றையெல்லாம்விட எனக்கு உறைத்த ஆட்சேபம் வேறு: ஸ்பானிஷ் என்று ஒன்று எங்கே இருக்கிறது? இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் பேசப்படும் மொழிக்கு ஒரே நிகர்த்தொடர் எப்படி எழுதுவது? காலை நீட்டிச் சாவது எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் மெக்ஸிகோவில் செத்தவர் கேன்வாஸ் ஷூவைக் கழற்றி மாட்டவும் செய்வார். கிண்டல் செய்வதற்குத் தலைமுடியை எடுப்பது பொது. கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் அதற்குச் சேவலை வைத்து ஒரு தொடர் இருக்கிறது. தட்டில் வைத்த சோறுபோல எளிதான காரியத்தை ஸ்பெயினில் தின்று முடித்த ரொட்டி என்பார்கள், அர்ஜென்டினாவில் உருளைக்கிழங்கு என்பார்கள். எது பாதி ஒத்தது என்பதே ஊருக்கு ஊர் மாறும். பேஸ்பால் தொடர்கள் இதற்கு நல்ல சாட்சி. அமெரிக்க அலுவலகங்களில் 'டச் பேஸ்' என்றால் ஒரு வார்த்தை பேசிக்கொள்வது, 'பால்பார்க் ஃபிகர்' என்றால் தோராயத் தொகை. டொமினிக்கன் குடியரசு, கியூபா, வெனிசுவேலா மாணவர்களுக்குப் பேஸ்பால் தெருவில் ஆடும் ஆட்டம். பாதிக்கு மேல் அவர்களே ஊகித்துவிடுவார்கள். மாட்ரிட் மாணவருக்கு மைதானத்தை வரைந்து காட்டவேண்டும்; 'ஸ்டிக்கி விக்கெட்'டை நமக்கு யாரும் வரைந்து காட்டவேண்டியதில்லை என்பதற்கு இது நேர் தலைகீழ். இந்த ஆட்சேபம் என் கட்சியை வீழ்த்தவில்லை; பட்டியலைத்தான் வீழ்த்துகிறது. அச்சிட்ட வலப்பக்கத்தை மூடிவிட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று மாணவரையே கேட்டு, அவர் தரும் தொடரை ஆங்கிலத் தொடரின் பக்கத்தில் வைத்து, காட்சி எங்கே பிரிகிறது, உருபு எங்கே பிரிகிறது, யாரிடம் சொல்லலாம் யாரிடம் கூடாது என்பது எங்கே பிரிகிறது என்று பார்ப்பதுதான் வழி. ஒரு மணி நேரத்தில் நாலைந்து தொடருக்கு மேல் போகாது. அதில் குறையொன்றும் இல்லை.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு: ஆசிரியருக்கு ஸ்பானிஷ் தெரிந்திருக்கவேண்டும். ஆங்கிலம் மட்டும் போதும், மாணவர் மொழி தெரியாமல் இருப்பதே நல்லது என்று பல ஆண்டுகளாக எங்கள் தொழிலில் ஒரு கொள்கை நடமாடுகிறது. மற்றப் பாடங்களில் அதற்கு நியாயம் இருக்கலாம், மரபுத்தொடரில் இல்லை. தப்பு எங்கே வரும் என்பதை ஆங்கிலத் தொடர் காட்டாது, ஸ்பானிஷ் தொடர்தான் காட்டும். இணையவழியில் மெக்ஸிகோவுக்கும் கொலம்பியாவுக்கும் ஸ்பெயினுக்கும் ஆங்கிலம் எடுக்க எண்ணும் தமிழ் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: 'எனக்கு வலிக்கிறது', 'எனக்குப் பிடிக்கிறது' என்று நான்காம் வேற்றுமையிலேயே வாழ்கிறவர்களுக்கு அந்த மொழியின் போக்கு சீக்கிரம் பிடிபடும். ஆங்கில மரபுத்தொடர் அகராதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். அடுத்து வாங்குவது ஸ்பானிஷ் அகராதியாக இருக்கட்டும், முதல் மாணவர் வருவதற்கு முன்பே.